மனையாவதற்கு முன் அந்த நிலம் என்னவாக இருந்தது? மதுரைப் பக்கம் வீடு வாங்குவோர் செய்ய வேண்டிய தேடல்கள்

மதுரையில் ஒரு மனைக்கோ கட்டிய வீட்டுக்கோ விலை பேசி முடித்தவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் பெரும்பாலும் மூன்று தாள்களை வாங்கிப் பார்க்கிறார்கள்: வில்லங்கச் சான்று, பட்டா, வழக்கறிஞர் எழுதித் தந்த சட்டக் கருத்துரை. மூன்றும் சரியாக இருந்து, வங்கியும் கடன் தர இசைந்துவிட்டால், இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி வீட்டிலுள்ள எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அந்த மூன்று தாள்களும் கட்டாயம் வேண்டியவைதான். ஆனால் அவை ஒவ்வொன்றும், ஓர் அலுவலகம் ஒரு குறிப்பிட்ட காலத்தில் தன் ஏட்டில் எழுதி வைத்ததை மட்டுமே சொல்லும். நிலம் அந்த ஏடுகளைவிட மூத்தது. இன்று முப்பதுக்கு நாற்பது என்று கல் நட்டு விற்கப்படும் இடம், ஒரு தலைமுறைக்கு முன் கண்மாய் நிறைந்து வழியும் நீர், அதாவது மறுகால், ஓடிய தடமாக இருந்திருக்கலாம். கோயில் ஊழியத்துக்கு விடப்பட்ட மானியமாக இருந்திருக்கலாம். நிலமற்றவருக்கு நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த துண்டாகவோ, உச்சவரம்புச் சட்டத்தின்கீழ் எடுத்துக்கொள்ளப்பட்ட உபரியாகவோ இருந்திருக்கலாம். இந்த வரலாறு முழுவதையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அலுவலகம் எதுவும் நம்மிடம் இல்லை. ஆகவே, "மனையாவதற்கு முன் இது என்னவாக இருந்தது?" என்ற ஒரே கேள்வியை வெவ்வேறு வாசல்களில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில், எல்லோரும் எடுக்கும் வில்லங்கச் சான்றையே எடுத்துக்கொள்வோம். பதிவுத்துறையின் இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்து வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள முடிகிற வசதி வந்தபின், ஈசி என்று சொல்லப்படும் இந்தச் சான்றைப் பார்ப்பது எளிதாகிவிட்டது. அதன் எல்லைகளை நினைவில் வைப்பது அரிதாகிவிட்டது. அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில், அந்தப் புல எண்ணின்மீது, கேட்ட காலத்துக்குள் பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால், பதியாத உயில் ஒன்று பீரோவுக்குள் கிடந்தால் ஈசிக்கு அது தெரியாது. அண்ணன் தம்பிகள் வாய்வழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும் அதில் ஏறாது. விற்பனை ஒப்பந்தம், அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரம், மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெற்றதற்கான குறிப்பாணை ஆகியவற்றைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல்தான் கட்டாயமானது. அதற்கு முன் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன், ஈசியில் ஒரு வரிகூட இல்லாமல் இருக்க இடமுண்டு.

இன்னொரு சிக்கல் எல்லைகளால் வருவது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்கள் பல, காலப்போக்கில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவை. இன்றைய அலுவலகத்தில் மட்டும் தேடினால், மாற்றத்துக்கு முந்தைய ஆண்டுகள் காலியாகத் தெரியும். காலியாக இருப்பதை வில்லங்கம் இல்லை என்று பொருள்கொண்டுவிடுவோம். எனவே கிராமம் முன்பு எந்த அலுவலகத்தில் இருந்தது என்று கேட்டு, கணினியில் ஏறாத ஆண்டுகளுக்கு மனு கொடுத்து ஏடுகளைக் கையால் புரட்டித் தேடிய சான்றையும் பெற வேண்டும். உட்பிரிவு ஆவதற்கு முந்தைய தாய்ப் புல எண்ணிலும் தேட வேண்டும். 45/2ஏ4 என்ற எண்ணில் மட்டும் தேடிவிட்டு, 45/2 என்ற எண்ணில் பதிவான பழைய ஈட்டுப் (அடமானப்) பத்திரத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு.

பத்திரம் பதிவாகிவிட்டதே, பதிவாளர் பார்க்காமலா பதிந்திருப்பார் என்ற நம்பிக்கையும் சரியானதல்ல. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் இருந்த 55-ஏ விதியை, மூலச் சட்டத்துக்கு முரணானது, செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்கீழ் சார்பதிவாளரின் வேலை அல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஆகவே உரிமையை ஆராயும் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில்தான் இருக்கிறது.

பட்டாவின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. உரிமைப் பத்திரம் அல்ல என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதைவிட முக்கியமானது, இன்று கணினியில் நாம் காணும் பட்டாவின் வேர் எங்கே இருக்கிறது என்பது. 1979இல் தொடங்கி 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில்தான் கிராமக் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டன. யூ.டி.ஆர். என்று தாலுகா அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது இதைத்தான். அப்போது பெயர்கள் மாறிப் போனதும், விஸ்தீரணம் கூடிக் குறைந்ததும், புறம்போக்கு பட்டாவாகவும் பட்டா புறம்போக்காகவும் ஏறியதும் நடந்திருக்கின்றன. அதனால், கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம், யார் பெயரில் உள்ளது என்று காட்டும் இன்றைய 'அ' பதிவேட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், யூ.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும், பழைய புல எண் எது புதிய புல எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலையும் தேடிப் பார்க்க வேண்டும். பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் 'ஊருணி', 'களம்', 'மேய்ச்சல்', 'தேவதாயம்' (கோயிலுக்கு விட்ட நிலம்), 'அனாதீனம்' (யாரும் உரிமை கோராத நிலம்) என்று ஒற்றைச் சொல் எழுதியிருந்தாலும், அது வாங்குபவருக்குப் பத்து பத்திரங்களைவிட அதிகம் சொல்லும். இதன் சான்றிட்ட நகலை வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட ஆவணக் காப்பறையிலும் கேட்கலாம். மிகப் பழையவற்றுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுக் கொடுக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நகருக்குள் என்றால் கிராமப் புல எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று பார்க்க வேண்டும். பழைய ஊர்ப்பகுதி என்றால் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) கணக்கு தனியாக இருக்கும்.

மதுரையைப் பொறுத்தவரை எல்லாத் தேடல்களிலும் முதன்மையானது தண்ணீரைப் பற்றியது என்பது என் உறுதியான கருத்து. தல்லாகுளம், பீபிகுளம், மாடக்குளம், உலகநேரி, கண்ணனேந்தல் என்று நாம் நாள்தோறும் பேருந்தில் ஏறி இறங்கும் பெயர்களே நீர்நிலைகளின் பெயர்கள். ஏந்தல் என்றால் நீரை ஏந்தி நிற்கும் சிறு கண்மாய். ஏரிதான் நேரி என்று பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வைகைப் படுகை முழுவதும் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை: மேல் கண்மாய் நிறைந்தால் மிகைநீர் வெளியேறக் கட்டிய கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து கீழ் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அடுத்ததற்கு, கடைசியில் ஆற்றுக்கு. வடக்கிலும் கிழக்கிலும் வாடிப்பட்டி முதல் மேலூர் வரை, 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் கால்வாய்களிலும் கிளை வாய்க்கால்களிலும் பாய்ந்து நஞ்சையாக்கிய வயல்கள் பல இன்று மனைப்பிரிவுகளாகிவிட்டன. தெற்கிலும் மேற்கிலும் நாகமலைப் பக்கமிருந்து வந்து நகருக்குள் நுழையும் கிருதுமால், இன்று சாக்கடையாகத் தெரிந்தாலும் பழைய ஆறு. நிலத்தை நிரவி, சாலை போட்டு, பெயர்ப்பலகை வைத்துவிட்டாலும் மறுகால் தன் வழியை மறப்பதில்லை. 2024 அக்டோபரில் பெய்த பெருமழையில் செல்லூர்ப் பகுதிக்குள் வெள்ளம் புகுந்ததும், செல்லூர்க் கண்மாயின் மிகைநீரை வைகைக்குக் கொண்டுசெல்லும் பந்தல்குடி வாய்க்கால் தாங்க முடியாமல் வழிந்ததும் மதுரைக்காரர்கள் கண்ணால் பார்த்தவை.

என் சித்தப்பா மகன் ஒருவர் நகரின் வடகிழக்கே மனை வாங்கி வீடு கட்டினார். முப்பது வருட ஈசி சுத்தமாக இருந்தது, பட்டா இருந்தது, வங்கிக் கடனும் கிடைத்தது. குடிபோன இரண்டாம் ஐப்பசியில் முழங்கால் அளவு தண்ணீர் மூன்று நாள் வீட்டுக்குள் நின்றது. அதன்பின் ஊருக்குள் போய் விசாரித்தபோது, கண்மாயில் மடை திறந்து நீர் பாய்ச்சும் பொறுப்பில் இருந்த முதியவர் ஒருவர், அந்தத் தெருவே கலுங்குத் தண்ணீர் போன ஓடை என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அந்த ஓடை புறம்போக்காகப் பதிவானதல்ல. பட்டா நிலத்தின் நடுவே இயற்கையாக ஓடியது. அதனால் எந்த ஏட்டிலும் தடை என்று எதுவும் இல்லை. சட்டப்படி அவர் மனையில் குற்றமில்லை, குடியிருக்கத்தான் முடியவில்லை. முன்பே அந்த முதியவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவர் இன்றும் வருந்துவதைப் பார்க்கும்போது எனக்கும் வலிக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

ஆகவே நீர்த் தேடலில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் கேள்வி சட்டத்தைப் பற்றியது: இந்த இடமோ, இதற்குப் போகும் பாதையோ நீர்நிலைப் புறம்போக்கா? இதற்கு 'அ' பதிவேடும், புல வரைபடமும், முழுக் கிராம வரைபடமும் வேண்டும். உங்கள் புல எண்ணுக்கு மட்டும் வரைபடம் எடுத்தால் போதாது. நான்கு பக்கமும் உள்ள புல எண்களின் வரைபடங்களையும் எடுத்து ஒட்டிப் பார்த்தால்தான், மேலே வாய்க்காலாக வந்து கீழே வாய்க்காலாகப் போகும் ஒரு கோடு உங்கள் மனையில் மட்டும் எப்படி மறைந்தது என்பது தெரியும். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று முடிவானால், தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இன்படி அப்புறப்படுத்துவார்கள். நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கினேன் என்ற வாதம் நீர்நிலை வழக்குகளில் எடுபடுவதில்லை. பல ஆண்டு வரி கட்டிய ரசீதும், மின் இணைப்பும் அதைக் காப்பாற்றுவதில்லை.

இரண்டாவது கேள்வி மட்டத்தைப் பற்றியது: கண்மாய் நிறைந்து கலுங்கில் நீர் போகும்போது, இந்த மனை அந்த மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? ஒவ்வொரு பாசனக் கண்மாய்க்கும் அதன் கொள்ளளவு, முழு நீர்மட்டம், கலுங்கின் உயரம் ஆகியவற்றை எழுதிய குறிப்பேடு பொதுப்பணித்துறையில் வெள்ளையர் காலம் தொட்டே உண்டு. டேங்க் மெமாயர் என்று அதைச் சொல்வார்கள். நீர்வளத்துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்து அந்த மட்டத்தைத் தெரிந்துகொண்டு, தனியார் சர்வேயர் ஒருவரை வைத்து லெவல் எடுத்தால், மனையின் தரைமட்டத்தோடு ஒப்பிட்டுவிடலாம். ஒரு நாள் வேலைதான் அது. சில கண்மாய்களின் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே உள்வாய்ப் பட்டா என்று தனியார் நிலங்கள் உண்டு. அவற்றில் பட்டா செல்லும், விற்பனை செல்லும், ஆனால் கண்மாய் பெருகும் ஆண்டில் தண்ணீருக்குள் கிடக்கும். இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலவரைபடத் தாள்களையும், செயற்கைக்கோள் படங்களில் பின்னோக்கிப் போய்ப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய மழைக்காலப் படங்களையும் பார்ப்பது செலவில்லாத வழி. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஊரில் ஆயக்கட்டு விவசாயம் செய்த பெரியவர்கள் இருவரிடம் பேசிவிடுவது நல்லது.

அடுத்தது தெய்வத்தின் பெயரில் உள்ள நிலம். மதுரையிலும் சுற்றிலும் பெருங்கோயில்களுக்கு மட்டுமல்ல, சிறு சிறு ஊர்க்கோயில்களுக்கும், மடங்களுக்கும், தர்மச் சத்திரங்களுக்கும் நிலங்கள் விடப்பட்டிருக்கின்றன. இந்து சமய அறநிலையத்துறைச் சட்டம் 1959இன் 34ஆம் பிரிவுப்படி, ஆணையரின் முன் அனுமதி இல்லாமல் நடந்த கோயில் சொத்து விற்பனை செல்லாது. 109ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: கோயில் சொத்தை மீட்கத் தொடுக்கும் வழக்குக்குக் காலவரையறை கிடையாது. அதாவது நாற்பது ஆண்டு அனுபவித்தேன், நான்கு கை மாறி வந்தது என்பதெல்லாம் பாதுகாப்பு அல்ல.

இதில் சிக்கலான இடம் இனாம் நிலங்கள். மேளம் வாசிக்கவும், பூத்தொடுக்கவும், பூசை செய்யவும் குடும்பங்களுக்கு விடப்பட்ட ஊழிய மானியங்கள், 1963ஆம் ஆண்டின் 30ஆவது சட்டமான சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டத்தால், அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி நிலங்களாக மாற்றப்பட்டன. அப்போது பட்டா யாருக்கு, எந்த நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்பதை நிலவரித் திட்ட அலுவலரின் உத்தரவுதான் சொல்லும். இன்றைய பட்டாவில் தனியார் பெயர் மட்டும் இருக்கும், நிபந்தனை இருக்காது. பழைய பதிவேட்டில் இனாம் என்ற குறிப்பு இருந்தால், அந்த உத்தரவின் நகலைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அறநிலையத்துறை தன் இணையதளத்தில் கோயில்வாரியாக நிலங்களின் புல எண்களை வெளியிட்டிருக்கிறது; வக்பு வாரியச் சொத்துகளுக்கு அரசிதழ்ப் பட்டியலும் வாரியப் பதிவேடும் உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு பூஜ்ஜியம் என்று காட்டினால், யாரோ ஒரு துறை ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது என்று கொள்ளலாம். அங்கேயே நின்று காரணத்தைக் கேட்க வேண்டும்.

நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலங்களில், நம் மனச்சாட்சியையும் தொடுவது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஆங்கிலேய அரசு ஆதிதிராவிட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணை பிறப்பித்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. பழைய ஏட்டில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பினர்) நிலம் என்ற குறிப்பாக இது நிற்கும். மீறி வாங்கியவரிடமிருந்து அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாங்காமல் விலகுவது சட்டப்படி மட்டுமல்ல, நியாயப்படியும் செய்ய வேண்டியது. இதே போல் அரசு ஒப்படைத்த வீட்டுமனைகள், வினோபா பாவேயின் இயக்கத்தில் தானமாக வந்து 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ள பூதான நிலங்கள் ஆகியவற்றுக்கும் கைமாற்றத் தடைகள் உண்டு.

உச்சவரம்பு என்றால் கிராமத்து நிலச்சுவான்தார்களின் விஷயம் என்று நினைக்கிறோம். நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1978இல் கொண்டுவரப்பட்டபோது, அது பொருந்திய நகரத் தொகுதிகளில் மதுரையும் ஒன்று. 1999இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் நீக்கத்துக்கு முன்பே உபரி என்று அறிவித்து அரசு சுவாதீனம் எடுத்துக்கொண்டிருந்தால், அந்த நிலம் அரசுடையதே. புறநகரில் பெரிய பரப்பாக ஒரே குடும்பத்திடம் இருந்து பின்னர் மனையாகப் பிரிந்த இடமென்றால், வட்டாட்சியர் அலுவலகத்திலும் நிலச் சீர்திருத்த உதவி ஆணையர் அலுவலகத்திலும் இதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். நில எடுப்பும் அப்படியே. விமான நிலைய ஓடுதள விரிவாக்கத்துக்காகச் சின்ன உடைப்பு முதலிய ஊர்களில் நிலம் எடுத்ததையும், திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை மெட்ரோ தடம் வகுக்கப்பட்டதையும் செய்தியாகப் படித்திருக்கிறோம். உங்கள் புல எண் அப்படி ஓர் அறிவிக்கையில் இருக்கிறதா என்பதை ஈசி சொல்லும் என்று நம்பியிருக்க முடியாது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, முதல்நிலை அறிவிக்கை வெளிவந்தபின் ஆட்சியரின் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தை விற்கவோ வாங்கவோ கூடாது. தேசிய நெடுஞ்சாலைகளுக்குத் தனிச் சட்டம், தனி அறிவிக்கை. நெடுஞ்சாலை ஓரத்தில் வாங்குவோர் அதையும் பார்க்க வேண்டும்.

மனைப்பிரிவு அனுமதியைப் பற்றிப் பேசும்போது 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை இன்னும் கேட்க முடிகிறது. 2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது, ஊராட்சிகளாகவும் பேரூராட்சிகளாகவும் நகராட்சிகளாகவும் இருந்த பகுதிகள் நகருக்குள் வந்தன. அங்கே பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள வரைபடங்களோடு விற்ற மனைகள் நிறைய. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தபின், அத்துறையின் ஒப்புதல் இல்லாத அந்த முத்திரைக்கு மனைப்பிரிவு அனுமதி என்ற மதிப்பு இல்லை. அனுமதியற்ற மனைகளின் பதிவுக்கு 2016இல் தடை வந்தது. 2016 அக்டோபர் 20 என்ற தேதியை எல்லையாக வைத்து, அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் 2017இல் வந்தன. நீர்நிலைகளிலும் பொது ஒதுக்கீட்டு இடங்களிலும் உள்ள மனைகளுக்கு அந்த வரன்முறையும் கிடையாது. விற்பவர் காட்டும் ஆணையின் எண்ணை எடுத்துக்கொண்டு, அது மனைக்கு மட்டும் கொடுத்ததா, மனைப்பிரிவு முழுவதற்குமா என்பதை வழங்கிய அலுவலகத்திலேயே சரிபார்க்க வேண்டும். புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு மனைகளுக்கு மேல் என்றால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் வரைபடத்தோடு பார்க்கலாம். மனைப்பிரிவின் சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டனவா என்று அந்தத் தானப்பத்திரத்தின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். எழுதிக் கொடுக்காத சாலை, சட்டப்படி இன்னும் பழைய உரிமையாளரின் நிலம்.

கட்டுவதற்கான உயரமும் இங்கே ஒரு தனித் தேடல். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற 1997ஆம் ஆண்டு அரசாணை உண்டு. மாசி வீதிகளுக்குப் பக்கத்தில் பழைய வீட்டை வாங்கி இடித்து மாடி மேல் மாடி எழுப்பலாம் என்று கணக்குப் போடுவோர் இதை முதலில் படிக்க வேண்டும். ஏற்கெனவே மீறிக் கட்டிய கட்டடத்தை வாங்கினால் மீறலையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். பெருங்குடி, அவனியாபுரம், வலையங்குளம் பக்கம் விமான நிலையத்தின் உயரக் கட்டுப்பாடு வரும். கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். உயரழுத்த மின்கம்பி மேலே போகிறதா என்பதற்கு அலுவலகம் தேவையில்லை. நிமிர்ந்து பார்த்தால் போதும்.

மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் மண். ஈரத்தில் உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்குவது அதன் குணம். சாதாரண அடித்தளம் போட்டால் இரண்டு கோடைக்குள் சுவரில் விரிசல் விடும். நகரை ஒட்டிய நஞ்சைகளிலும் கண்மாய் ஓரங்களிலும் கிராவலும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கிய மனைகள் வேறு வகை: மேலே கெட்டியாகத் தெரியும், ஆறேழு அடிக்குக் கீழே களிமண் கிடக்கும். வாங்குமுன் உரிமையாளரின் இசைவோடு ஒரு குழி தோண்டிப் பார்ப்பதும், மண் பரிசோதனைக்கூடத்தின் அறிக்கை பெறுவதும் அஸ்திவாரச் செலவை முன்கூட்டியே சொல்லிவிடும். அப்படிக் கூடும் செலவை விலையில் குறைத்துப் பேசுவதற்கும் அந்த அறிக்கை உதவும். பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதும் அவ்வாறே. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிறுவனத்தின் அளவு. அதற்கு மேல் போனால் குடிக்க மட்டுமல்ல, கட்டுமானத்துக்கும் தண்ணீர் விலைக்கு வாங்க நேரிடலாம்.

ஆட்களைப் பற்றிய தேடலுக்கு வருவோம். பூர்வீகச் சொத்தென்றால் வாரிசுகளில் மகள்கள் எல்லோரும் கையெழுத்திட்டார்களா என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அப்போது மணமாகாமல் இருந்த மகள்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது; சீர்வரிசை செய்து அனுப்பிவிட்டோம், அவர்கள் கேட்க மாட்டார்கள் என்று விற்பவர் சொல்வது, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு ஈடாகாது. இடையில் எப்போதாவது மைனர் பங்கு விற்கப்பட்டிருந்தால் நீதிமன்ற அனுமதி இருந்ததா என்று பார்க்க வேண்டும்; மேஜரான மூன்று ஆண்டுக்குள் அவர் வழக்குப் போடலாம். பவர் மூலம் விற்கிறார்கள் என்றால் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் இறந்த கணத்தில் பவரும் முடிந்துவிடுகிறது.

நிலுவையில் உள்ள உரிமை வழக்கு பெரும்பாலும் ஈசியில் வராது. ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவர் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். நீதிமன்றங்களின் இணையதளத்தில் விற்பவர் பெயரையும், அவருக்கு முன் இருந்த இருவர் பெயரையும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் போட்டு, மாவட்ட நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் தேட வேண்டும். வங்கிகளிடம் அடமானமான சொத்துகளைப் பதிய 2011இல் ஏற்படுத்தப்பட்ட செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில் சிறு கட்டணத்தில் யாரும் தேடலாம். மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்று காவல்துறைச் சான்றைக் காட்டினால், இந்தத் தேடலை ஒருபோதும் விடக் கூடாது.

இவ்வளவையும் முடித்த பின்னும், காகிதத்தில் உள்ள நிலமும் காலடியில் உள்ள நிலமும் ஒன்றுதானா என்பது மீதமிருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, அரசு நில அளவரை வரவழைத்து, புல வரைபடத்தோடு அளந்து கல் பார்க்க வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்திரத்தில் ஐந்து சென்ட் என்று இருந்து, வரைபடத்தின்படி தரையில் நாலேகால் சென்ட்தான் இருந்தால், விலையை அங்கேயே திருத்திப் பேசலாம். பாதையையும் அதே நாளில் அளந்துவிட வேண்டும். வரைபடத்தில் வண்டிப்பாதை இல்லாமல், பக்கத்து நிலத்துக்காரர் தயவில் நடக்கிற வழியாக இருந்தால், அவரிடமிருந்து பதிவு செய்த பாதை உரிமை வாங்கிய பிறகே கிரையம் பேச வேண்டும்.

தேடல்கள் எல்லாம் முடிய ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். விற்பவர்கள் அவ்வளவு நாள் பொறுப்பதில்லை என்பதே பலர் இவற்றைத் தவிர்க்கக் காரணம். அதற்கு வழி, சிறு தொகையை மட்டும் முன்பணமாகக் கொடுத்து ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்வது. மூன்று மாதத் தவணை வைத்து, நீர்நிலை, சமய நிறுவனம், ஒப்படை, உச்சவரம்பு, நில எடுப்பு, நிலுவை வழக்கு இவற்றில் எது வெளிப்பட்டாலும் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். 'சகல வில்லங்கமும் நீங்கலாக' என்ற வழக்கமான ஒரு வரி போதாது. நேர்மையாக விற்பவர் இந்த வரிகளுக்குக் கையெழுத்திடத் தயங்குவதில்லை. தயங்குகிறவரிடம், எந்தச் சொல்லை எடுத்துவிடச் சொல்கிறார் என்று கவனித்து, அந்தத் தேடலை முதலில் செய்யுங்கள்.